தைப்பட்டமும் வீட்டு விதையும்: பூந்தமல்லிப் பக்கத்தின் தோட்ட வரலாறு

"ஆடிப்பட்டம் தேடி விதை" என்பது எல்லோருக்கும் தெரிந்த பழமொழி. பள்ளிக்கூடத்துத் தமிழ்ப் பாடத்திலேயே வந்துவிடுகிறது. ஆனால் ஆடியை விட்டவர்களுக்கு இன்னொரு வாய்ப்பு உண்டு என்பதை இன்று பலர் மறந்துவிட்டார்கள். அதுதான் தைப்பட்டம். மழை ஓய்ந்து, பனி இறங்கி, வெயில் இன்னும் ஏறாத அந்த ஒன்றரை மாதம்தான் சென்னையின் மேற்குப் பக்கத்தில் வீட்டுக் கொல்லையில் விதை போடும் காலமாக இருந்தது.

ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் இடையிலான சாலையில் இருக்கிறது சென்னீர்குப்பம். இன்று அங்கே போனால் அடுக்குமாடி வீடுகளும் கடைகளும் வாகன நெரிசலும்தான் முதலில் கண்ணில் படும். இந்த ஊரில் ஒரு வீட்டில் தை மாதம் விதை போட வேண்டுமென்றால், அந்த விதை எங்கிருந்து வரும்? கடையிலிருந்து, பாக்கெட்டில் வரும். அறுபது எழுபது வருடங்களுக்கு முன்பு இதே கேள்விக்கு வேறு பதில் இருந்தது: அடுப்படியிலிருந்து வரும். இந்த இரண்டு பதில்களுக்கும் நடுவில் என்ன நடந்தது என்பதுதான் இந்தக் கட்டுரை.

ஊர்ப் பெயர்களில் ஒரு தோட்டம்

இந்தப் பகுதியின் ஊர்ப் பெயர்களை வரிசையாகச் சொல்லிப் பார்த்தால் ஒரு தோட்டமே கண் முன் வரும். மாங்காடு, பருத்திப்பட்டு, திருவேற்காடு, காட்டுப்பாக்கம். பூந்தமல்லியின் பழைய பெயர் பூவிருந்தவல்லி. கட்டடங்கள் மாறினாலும் பெயர்கள் மாறவில்லை.

பூவிருந்தவல்லிக்கு ஒரு தோட்டக்காரரின் கதையும் உண்டு. வைணவ மரபில் ராமானுஜருக்கு வழிகாட்டியவராகப் போற்றப்படும் திருக்கச்சி நம்பிகள் இந்த ஊரில் பிறந்தவர். 11ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவர். இங்கே ஒரு நந்தவனம் வைத்து, அதில் பூத்த பூக்களை எடுத்துக்கொண்டு காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாளுக்குச் சாத்துவதற்காக நடந்தே போனார் என்பது மரபாகச் சொல்லப்படும் வரலாறு. அவருடைய திருநட்சத்திரம் மாசி மாதம் மிருகசீரிடத்தில் கொண்டாடப்படுகிறது. மாசி என்பது பின்பனிக் காலத்தின் தொடக்கம். தையில் போட்ட விதை செடியாகி நிற்கும் நேரம் அது.

ஏன் தை?

இங்கிலாந்து போன்ற குளிர்நாடுகளில் தோட்டம் போடுபவர்களுக்கு மார்ச், ஏப்ரல்தான் முக்கியமான மாதங்கள். உறைபனி எப்போது நிற்கும் என்று பார்த்துக்கொண்டே இருப்பார்கள். அதற்கு முன் விதை போட்டால் நாற்று கருகிவிடும். அதனால் வீட்டுக்குள் ஜன்னல் ஓரத்தில் சின்னச் சட்டிகளில் விதையை முளைக்கவைத்து, வசந்தம் வந்ததும் வெளியே நடுவார்கள்.

சென்னையில் உறைபனி கிடையாது. இங்கே பயப்பட வேண்டியது குளிருக்கு அல்ல, வெயிலுக்கு. சென்னையில் ஒரு வருடத்தில் பெய்யும் மழை சுமார் 1,400 மில்லிமீட்டர். அதில் ஏறத்தாழ ஐந்தில் மூன்று பங்கு வடகிழக்குப் பருவமழையாக ஐப்பசியிலிருந்து மார்கழிக்குள் கொட்டிவிடும். தை பிறக்கும்போது மண்ணில் ஈரம் இருக்கும், கிணற்றில் தண்ணீர் மேலே இருக்கும். இரவு வெப்பம் 20, 21 டிகிரி அளவில் இருக்கும். மே மாதத்தில் பகல் வெப்பம் 38 டிகிரியைத் தொட்டுத் தாண்டும். இந்த இரண்டுக்கும் நடுவில் இருப்பது சுமார் நூறு நாள்.

அந்த நூறு நாளில் என்ன விளையும் என்பதுதான் தைப்பட்டத்தின் கணக்கு. முளைக்கீரையும் சிறுகீரையும் 25 நாளில் பறிப்புக்கு வந்துவிடும். வெண்டை 45 நாளில் காய்க்கும். கொத்தவரைக்கு இரண்டு மாதத்துக்குள் போதும். தக்காளியை 25 நாள் நாற்றாக வளர்த்துப் பிடுங்கி நட்டால் பங்குனியில் காய் பிடிக்கும். அதையே பங்குனியில் விதைத்தால் என்ன ஆகும்? செடி நன்றாக வளரும், பூக்கவும் செய்யும். ஆனால் கத்திரி வெயிலில் தக்காளியின் மகரந்தம் வீணாகிப் பூக்கள் எல்லாம் உதிர்ந்துவிடும். இங்கிலீஷ் புத்தகத்தைப் பார்த்து மார்ச்சில் விதை போடுகிறவர்கள் ஏமாறுவது இப்படித்தான்.

தையில் எல்லா விதையும் போடலாமா என்றால் அதுவும் கூடாது. பந்தலில் ஏறும் நாட்டு அவரையைத் தையில் போட்டால் கொடி மட்டும் ஓடும், காய்க்காது. பகல் பொழுது குறையும் மாதங்களில்தான் அது பூக்கும். அதனால் அதை ஆடியில் போட்டு மார்கழி, தையில் பறிப்பார்கள். எந்த விதைக்கு எந்தப் பட்டம் என்ற இந்த அறிவு எந்தப் புத்தகத்திலும் அச்சாவதற்கு முன்பே வீடுகளில் இருந்தது.

அடுப்படி என்ற விதை வங்கி

சரி, விதையை எப்படி வைத்திருந்தார்கள்? செடியில் முதலில் பிடித்த நல்ல காய் ஒன்றைப் பறிக்காமல் விட்டுவிடுவார்கள். அதற்கு "விதைக்காய்" என்று பெயர். வீட்டுக்கு யார் வந்தாலும் அதைத் தொட விடமாட்டார்கள். வெண்டை செடியிலேயே காய்ந்து வெடிக்கத் தொடங்கும்போது எடுப்பார்கள். கத்தரி மஞ்சளாகப் பழுத்த பிறகு அறுத்து, விதையைக் கழுவிச் சாம்பலில் புரட்டிக் காயவைப்பார்கள். பீர்க்கங்காயை முழுதாகக் காயவிட்டு அப்படியே கூரையில் கட்டித் தொங்கவிடுவார்கள். சுரை, பூசணி விதைகளைச் சாணத்தில் பதித்து வறட்டி போல் சுவரில் தட்டி வைப்பதும் உண்டு. தொங்கும் விதைகளுக்கு மிகச் சிறந்த இடம் அடுப்புக்கு மேலே, புகை படும் இடம்.

இதெல்லாம் வெறும் பழக்கவழக்கம் அல்ல. விதைக்கு முதல் எதிரி ஈரம், இரண்டாவது எதிரி வண்டு. விதையில் இருக்கும் ஈரப்பதம் ஒரு சதவீதம் குறைந்தால் அதன் ஆயுள் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பது விதை விஞ்ஞானத்தில் இன்று பாடமாகச் சொல்லப்படும் விதி. சாம்பல் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், வண்டையும் அண்ட விடாது. அடுப்புச் சூடு விதையை உலர்த்தும், புகை பூச்சியை விரட்டும். கடற்கரைக்கு 20 கிலோமீட்டர் தூரத்தில், காற்றில் எப்போதும் ஈரம் இருக்கும் ஊரில், குளிர்பதனப் பெட்டி இல்லாமல் விதையைக் காப்பாற்ற இதைவிட மலிவான வழி கிடையாது.

விதை முளைக்குமா என்று சோதிக்கும் வழியும் வீட்டிலேயே இருந்தது. அம்மன் கோயில் திருவிழாவில் முளைப்பாரி எடுப்பதும், கல்யாணத்தில் பாலிகை தெளிப்பதும் இன்று சடங்காக மட்டுமே தெரிகின்றன. ஆனால் அந்தச் சட்டியில் நவதானியம் எப்படி முளைத்திருக்கிறது என்று பார்த்தவர்களுக்கு, அந்த வருடத்து விதை எந்த அளவுக்கு நம்பிக்கையானது என்பதும் தெரிந்துவிடும்.

கப்பலில் வந்த விதைகள்

நம் கொல்லையில் இருந்த செடிகள் எல்லாம் இந்த மண்ணிலேயே தோன்றியவை என்று நினைத்தால் அது தவறு. 1498ல் வாஸ்கோ ட காமா கள்ளிக்கோட்டையில் இறங்கிய பிறகு, போர்த்துக்கீசியரின் கப்பல் வழியாக அமெரிக்கக் கண்டத்துச் செடிகள் பல இங்கே வந்து சேர்ந்தன. அதற்கு நம் மொழியே சாட்சி. மிளகு போலக் காரமாக இருந்த காய்க்கு மிளகாய் என்று பெயர் வந்தது. பரங்கியரோடு சேர்த்துப் பேசப்பட்ட காய் பரங்கிக்காய் ஆனது. தக்காளிக்குச் சீமைத்தக்காளி என்று ஒரு பெயர் இருந்தது. நம்மிடம் ஏற்கெனவே மணத்தக்காளி இருந்ததால் புதிதாக வந்ததைச் "சீமை" என்று சொல்லிப் பிரித்தார்கள்.

பிறகு ஆங்கிலேயர்கள் வந்தார்கள். தங்கள் பங்களாத் தோட்டங்களில் முட்டைக்கோஸ், காரட், பட்டாணி, காலிஃப்ளவர் போட ஆசைப்பட்டார்கள். விதை இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்தது. 1869ல் சூயஸ் கால்வாய் திறப்பதற்கு முன்பு ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டுதான் கப்பல்கள் வரவேண்டும். பல மாதங்கள் ஈரக் காற்றில் கிடந்த விதையில் பாதி செத்துப் போயிருக்கும். காற்றுப் புகாத தகர டப்பாக்களில் அடைத்து அனுப்பினார்கள். வந்த விதையை எப்போது போடுவது என்பதிலும் குழப்பம். மார்ச்சில் போட்டவர்கள் தோற்றார்கள். மழைக்குப் பின், குளிர் தொடங்கும்போது போட வேண்டும் என்று கற்றுக்கொண்டார்கள். அதாவது அவர்களும் கடைசியில் இந்த ஊர்ப் பருவத்துக்குத்தான் வரவேண்டியிருந்தது!

இதில் ஒரு முக்கியமான வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். மிளகாயும் பரங்கியும் தக்காளியும் சென்னை வெயிலில் காய்த்து, பழுத்து, விதை கொடுத்தன. ஒருமுறை வந்தால் போதும். அடுத்த வருடம் கப்பலை எதிர்பார்க்க வேண்டாம். முட்டைக்கோஸ் அப்படி அல்ல. பல வாரங்கள் கடுங்குளிர் பட்டால்தான் அது பூத்து விதை கொடுக்கும். சென்னையில் அந்தக் குளிர் என்றைக்கும் கிடையாது. அதனால் முட்டைக்கோஸ் போடுகிறவர் ஒவ்வொரு வருடமும் விதையை விலைக்கு வாங்கித்தான் ஆகவேண்டும்.

மிளகாய் இல்லாத சமையலை இன்று யாராலும் நினைத்துப் பார்க்க முடியாது. அது வெளிநாட்டுச் செடி என்று சொன்னாலே பலர் நம்பமாட்டார்கள். அதே அமெரிக்காவிலிருந்து வந்த செடி எப்படி "நாட்டு மிளகாய்" ஆனது? அதன் விதை நம் வீட்டில் தங்கியதால்தான். ஒரு செடி நம்முடையது ஆவது அது எங்கே தோன்றியது என்பதால் அல்ல, அதன் அடுத்த வருட விதை யார் கையில் இருக்கிறது என்பதால்தான்.

இதற்கு வட இந்தியாவில் இன்னொரு நல்ல உதாரணம் உண்டு. 1822ல் காலிஃப்ளவர் விதை இங்கிலாந்திலிருந்து சஹாரன்பூர் தோட்டத்துக்கு வந்தது. குளிர்நாட்டுச் செடிதான். ஆனால் வெப்பத்தைத் தாங்கிய செடிகளிலிருந்து மட்டும் விதை எடுத்து எடுத்து, சில தலைமுறைகளில் இந்திய விவசாயிகள் வெப்பம் தாங்கும் புதிய காலிஃப்ளவர் வகைகளையே உண்டாக்கிவிட்டார்கள். விதை எடுப்பவர் ஒவ்வொருவரும் தெரிந்தோ தெரியாமலோ செடியை மாற்றிக்கொண்டே இருக்கிறார்.

சங்கமும் பள்ளிக்கூடமும்

1835ல் சென்னையில் வேளாண் தோட்டக்கலைச் சங்கம் தொடங்கப்பட்டது. தாவரவியல் அறிஞர் ராபர்ட் வைட் இதில் பெரும்பங்கு வகித்தவர். கதீட்ரல் சாலையில் இச்சங்கம் வைத்திருந்த தோட்டத்தின் ஒரு பகுதியில்தான் பிற்காலத்தில் உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் ஓட்டல் இருந்தது. அந்த இடம் 2010ல் செம்மொழிப் பூங்கா ஆனது. 1868ல் சைதாப்பேட்டையில் ஒரு வேளாண் பள்ளி தொடங்கப்பட்டது. 1906ல் அது கோயம்புத்தூருக்கு மாற்றப்பட்டு, 1971ல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமாக வளர்ந்தது.

இந்திய விவசாயத்தை எப்படி "முன்னேற்றுவது" என்று ஆராய 1889ல் ஜான் அகஸ்டஸ் வோல்க்கர் என்ற ஆங்கில வேளாண் வேதியியலாளர் அனுப்பப்பட்டார். 1893ல் வெளிவந்த அவருடைய அறிக்கை பலருக்கு அதிர்ச்சி. நல்ல இந்திய விவசாயி ஆங்கில விவசாயிக்குச் சற்றும் குறைந்தவர் அல்ல, சில விஷயங்களில் மேலானவர் என்று அவர் எழுதிவிட்டார்.

போரும் பசியும்

வீட்டுத் தோட்டத்தை அரசாங்கங்கள் நினைத்துக்கொள்வது பெரும்பாலும் பஞ்சம் வரும்போதுதான். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவில் வீட்டு முற்றங்களில் "வெற்றித் தோட்டங்கள்" போடப்பட்டன. 1943ல் ஏறத்தாழ 2 கோடி தோட்டங்கள் இருந்ததாகவும், நாட்டின் காய்கறியில் சுமார் 40 சதவீதம் அவற்றில் விளைந்ததாகவும் மதிப்பிடப்பட்டது.

இங்கே நிலைமை இன்னும் கடுமை. 1942ல் பர்மாவை ஜப்பான் பிடித்தது. சென்னை மாகாணம் நம்பியிருந்த பர்மா அரிசி நின்றுபோனது. அந்த ஆண்டுதான் "அதிக உணவு விளைவிப்போம்" இயக்கம் இந்தியாவில் தொடங்கியது. சுதந்திரத்துக்குப் பிறகும் அது தொடர்ந்தது. 1965ல் உணவுத் தட்டுப்பாடும் போரும் சேர்ந்து வந்தபோது, பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி தில்லியில் தன் வீட்டுப் புல்வெளியையே உழுது பயிரிட்டுக் காட்டினார்.

அந்தப் போர்க்காலத்திலேயே விதைக்காக உயிரைக் கொடுத்தவர்களும் உண்டு. 1941 முதல் 1944 வரை ஜெர்மானியப் படை லெனின்கிராட் நகரத்தை முற்றுகையிட்டது. மக்கள் லட்சக்கணக்கில் பட்டினியால் செத்தார்கள். அந்த நகரத்தில்தான் விஞ்ஞானி வாவிலோவ் உலகம் முழுவதும் சுற்றிச் சேர்த்த மாபெரும் விதைக் களஞ்சியம் இருந்தது. அதைக் காத்த விஞ்ஞானிகள் கண் முன்னே மூட்டை மூட்டையாகத் தானியம் இருந்தும் அதைத் தின்னவில்லை. பலர் பசியால் இறந்தார்கள். நெல் ரகங்களைப் பாதுகாத்து வந்த டிமிட்ரி இவானோவ், ஆயிரக்கணக்கான நெல் பொட்டலங்களுக்கு நடுவிலேயே உயிர் விட்டார். வாவிலோவ் 1943ல் சோவியத் சிறையிலேயே இறந்துபோனார். "விதைநெல்லைக் குத்தித் தின்னாதே" என்று நம் ஊரில் சொல்வார்கள். அதன் முழுப் பொருளையும் வாழ்ந்து காட்டியவர்கள் அவர்கள்.

பாக்கெட் வந்த கதை

1960களில் சென்னையின் மேற்குப் பகுதி முகம் மாறத் தொடங்கியது. ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை, அம்பத்தூரில் தொழிற்பேட்டை என்று வரிசையாக வந்தன. வயல்கள் மனைகள் ஆயின. விறகு அடுப்பு போய் ஸ்டவ் வந்தது, பிறகு கேஸ் வந்தது. கூரை போய் காங்கிரீட் தளம் வந்தது. பெண்களுக்குப் புகையிலிருந்து விடுதலை கிடைத்தது, அது நல்லதுதான். ஆனால் அடுப்புக்கு மேலே தொங்கிய பீர்க்கங்காய்க்கு அந்தப் புதிய சமையலறையில் இடம் இல்லை.

விதையும் மாறியது. 1963ல் தேசிய விதைக் கழகம், 1966ல் விதைச் சட்டம் வந்தன. 1973ல் பெங்களூரைச் சேர்ந்த ஒரு நிறுவனம் இந்தியாவின் முதல் கலப்பினத் தக்காளி, குடைமிளகாய் விதைகளை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1988ல் வந்த புதிய விதைக் கொள்கை காய்கறி விதைகளின் இறக்குமதிக்கு வழி திறந்தது.

கலப்பின விதை என்றால் என்ன? இரண்டு வேறு வேறு வகைகளைச் சேர்த்து எடுக்கும் முதல் தலைமுறை விதை. அதில் செடிகள் எல்லாம் ஒன்றுபோல இருக்கும், விளைச்சல் அதிகம். ஆனால் அந்தக் காயிலிருந்து விதை எடுத்துப் போட்டால் அடுத்த தலைமுறை ஒன்றுபோல இருக்காது. மெண்டல் பட்டாணியில் கண்ட அதே விதி. ஒரு செடி பாட்டியைப் போல, இன்னொன்று தாத்தாவைப் போல என்று பிரிந்துவிடும். அதனால் வருடா வருடம் விதையை வாங்க வேண்டும். கலப்பின விதை விஷம் அல்ல. வியாபாரத்துக்குப் பயிரிடும் விவசாயிக்கு அது லாபமாகவும் இருக்கலாம். ஆனால் வீட்டுத் தோட்டத்தைப் பொறுத்தவரை அது தக்காளியை மறுபடியும் முட்டைக்கோஸ் ஆக்கிவிட்டது. நானூறு வருடமாக நம் வீட்டுச் செடியாக ஆகிக்கொண்டிருந்தது, மீண்டும் கப்பலை எதிர்பார்க்கும் செடியாகிவிட்டது.

2001ல் இயற்றப்பட்ட பயிர் ரகங்கள் மற்றும் விவசாயிகள் உரிமைப் பாதுகாப்புச் சட்டம், விளைந்ததிலிருந்து விதை எடுத்து வைக்கவும், விதைக்கவும், பரிமாறவும் விவசாயிக்கு உரிமை உண்டு என்று உறுதி செய்தது. சட்டத்தில் உரிமை இருக்கிறது. ஆனால் எடுத்துவைக்க நாட்டு விதை வீட்டில் இருக்கவேண்டுமே!

நெல்லுக்கு நம்மாழ்வாரும் (1938-2013) நெல் ஜெயராமனும் குரல் கொடுத்தார்கள். பாரம்பரிய நெல் ரகங்கள் பல மீண்டு வந்தன. காய்கறிக்கு அந்த அளவு இயக்கம் நடக்கவில்லை. 2013ஆம் ஆண்டு வாக்கில் தமிழக அரசு சென்னையிலும் கோவையிலும் மாடித்தோட்டத் திட்டத்தைக் கொண்டுவந்து, பைகளும் தென்னைநார்க் கழிவும் விதையும் மானிய விலையில் கொடுத்தது. நிறையப் பேர் ஆர்வமாகத் தொடங்கினார்கள். முதல் வருடம் நன்றாகக் காய்க்கும். பாக்கெட் விதை தீர்ந்ததும் எத்தனை பேர் அடுத்த பட்டத்துக்கு விதை எடுத்து வைத்தார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

முடிவாக...

சென்னீர்குப்பத்தில் மொட்டை மாடி இருக்கிறது. தையில் பனியும் வருகிறது. நிலம் இல்லையே என்று கவலைப்பட வேண்டியதில்லை. பொங்கல் முடிந்த வாரத்தில் நான்கு பையில் வெண்டை, கொத்தவரை, நாட்டுத் தக்காளி, சிறுகீரை போட்டால் பங்குனிக்குள் பலன் தெரியும். வாங்கும்போது கலப்பினம் அல்லாத ரகமா என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். வெண்டையை விரலளவு ஆழத்தில் போட்டால் போதும். கீரை விதையை மணலோடு கலந்து தூவி, பூவாளியால் தண்ணீர் தெளிக்க வேண்டும்.

பிறகு செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான். நன்றாக வளர்ந்த செடியில் ஒரே ஒரு வெண்டைக்காயைப் பறிக்காமல் விடுவது. அது முற்றி, காய்ந்து, பழுப்பு நிறமாகி வெடிக்கும்போது அதில் ஐம்பதுக்கும் மேற்பட்ட விதைகள் இருக்கும். நன்றாகக் காயவைத்து, கொஞ்சம் சாம்பலோடு ஒரு பாட்டிலில் இறுக்கி மூடி வைத்தால் ஆடிக்கு விதை தயார். அதில் பத்து விதை பக்கத்து வீட்டுக்கு. அவர்கள் வீட்டில் ஒரு காய் முற்றினால், இங்கே செடி செத்துப் போனாலும் விதை திரும்பி வரும். பழைய காலத்தில் வேலி தாண்டிக் கைமாறிய விதைகள் இப்படித்தான் நூற்றாண்டுகளைக் கடந்து வந்தன.